படுத்துக்கோ அக்கா

"இவங்களை வீட்ல யாரு குளிப்பாட்டி விடுறீங்க?"

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி இது. நான் இதற்குத் தயாராக இல்லை. சர்க்கரை உண்டா, பிரஷருக்கு எந்த மாத்திரை, இதற்கு முன் ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கிறதா என்று அவர் என்னவெல்லாம் கேட்கக்கூடுமோ, அவற்றுக்கெல்லாம் திண்டிவனத்திலிருந்து ஆம்புலன்சில் வரும்போதே மனதுக்குள் பதில் எழுதி முடித்திருந்தேன். விலங்கியலில் முதுகலை முடித்துவிட்டு, அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்ற பேரில் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துக்கொண்டிருப்பவள் நான். யாருக்காவது காய்ச்சல் என்றால்கூட போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அன்று வழியெல்லாம் ரத்தக் கட்டியைப் பற்றிப் படித்துக்கொண்டே வந்தேன். குளிப்பாட்டுவதைப் பற்றி ஒரு வரியும் படித்திருக்கவில்லை.

ஸ்ட்ரெச்சரில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு கிடந்தவள் என் அத்தை, அப்பாவின் அக்கா. எழுபதைத் தாண்டியவள். பிள்ளைகள் இல்லை. மாமா இறந்த பிறகும் வல்லம் பக்கத்தில் இருக்கும் அவர் ஊரை விட்டு அவள் வரவில்லை. ஒரு சின்ன ஓட்டு வீடு, அதற்குப் பின்னால் கொஞ்சம் நிலம். ஒரு பட்டம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, ஒரு பட்டம் கேப்பை. கூலிக்கு ஆள் கிடைத்தால் வைத்துக்கொள்வாள், கிடைக்காவிட்டால் தானே களை எடுப்பாள். திண்டிவனத்தில் எங்களோடு வந்து இரு என்று அப்பா கூப்பிடும்போதெல்லாம் சரி என்பாள். வரமாட்டாள்.

அந்த மாதம் ஊர்க்காரர்களோடு டூரிஸ்ட் பஸ்ஸில் ராமேஸ்வரம் போய்விட்டு வந்தாள். போகும்போதும் வரும்போதும் கடைசி சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை. வழியில் எங்கே நிறுத்துவார்களோ என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருக்கிறாள். திரும்பியதும் ஒரு கால் மட்டும் வீங்கியது. பஸ்ஸில் உட்கார்ந்த வீக்கம்தானே, நடந்தால் சரியாகிவிடும் என்று பற்று அரைத்துப் போட்டுக்கொண்டாள். சில நாளில் நிலத்துக்குப் போகிற வழியில் மூச்சு அடைத்தது. அப்போதும் யாரையும் கூப்பிடவில்லை. திரும்பி வந்து, வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, திண்டிவனம் பஸ்ஸில் ஏறி, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கே ஒரு கடைக்காரரின் போனை வாங்கி அப்பாவுக்குப் பேசியிருக்கிறாள். நாங்கள் போனபோது பெஞ்சில் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பூத்திருந்தது.

இப்படி வந்தவளைப் பற்றித்தான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"எல்லாம் நாங்கதாங்க மேடம். பெட்டை வுட்டு எறங்க வுடமாட்டோம். துணி மாத்தி வுடறதுலேர்ந்து என் வீட்டுக்காரம்மாதான் பாக்குது."

அத்தையின் புடவை முந்தானையைக்கூடத் தொட்டிராத என் அம்மா, ஆமாம் என்று பலமாகத் தலையாட்டினாள்.

டாக்டர் கேஸ் ஷீட்டில் ஏதோ குறித்தார். அவர் குரல் மாறிவிட்டது. இதமாக, மெதுவாகப் பேசத் தொடங்கினார். நுரையீரலுக்குப் போகிற குழாயில் இரண்டு பக்கமும் கட்டி இருக்கிறது, காலிலிருந்து போயிருக்க வேண்டும், இதயம் அதை எதிர்த்துத் தள்ளிக் களைத்துப்போயிருக்கிறது என்றார். ரத்தத்தை இளக்கும் ஊசி போட்டாகிவிட்டதாம். கட்டியையே கரைக்கும் இன்னொரு ஊசி இருக்கிறதாம். ஆனால் இந்த வயதில் அது மூளையில் ரத்தக் கசிவை உண்டாக்கலாம். "ஏற்கெனவே படுக்கையில இருக்கறவங்க. ஐ.சி.யூ., அந்த ஊசி, அதெல்லாம் தேவையான்னு யோசிக்கணும். ரொம்பக் கஷ்டப்படுத்தாம பாத்துக்கலாம்" என்றார்.

கஷ்டப்படுத்தாமல் என்ற வார்த்தை காதில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் அதற்கு மேற்கொண்டு வைத்தியம் வேண்டாம் என்று அர்த்தம். எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியவில்லை. நல்லபடியாகப் பார்த்துக்கொள்வதாக டாக்டர் சொல்கிறார் என்று நினைத்து அவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், அவங்க காலையில தனியாதான் பஸ் ஏறி வந்தாங்க" என்றேன்.

அப்பா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். டாக்டர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெட்ல இருக்கறவங்க எப்படிம்மா பஸ் ஏறுவாங்க?"

பதில் ஸ்ட்ரெச்சரிலிருந்து வந்தது. அத்தை மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கிவிட்டு, இரண்டு மூச்சுக்கு நடுவில், "ஓசி பஸ்ஸுதான். பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு இல்லியே" என்றாள்.

நர்ஸ் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் பக்கம் குனிந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து அத்தையிடமே கேட்டார். சமைப்பது யார், குளிப்பது எப்படி, கக்கூசுக்குத் துணை வேண்டுமா, கடைக்குப் போவாரா. அத்தை மாஸ்க்குக்குள்ளிருந்து தலையை ஆட்டியும் அசைத்தும் பதில் சொன்னாள். அவள் சொல்லாமல் விட்டதை நான் சொன்னேன். அடிபம்பில் தண்ணீர் அடிப்பது, களை எடுப்பது, செத்தையை வாரிக்கட்டித் தலையில் தூக்கி வருவது, எல்லாம். அதிகமாகவே சொன்னேன் போலிருக்கிறது, டாக்டர் போதும் என்று கையைக் காட்டினார். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். அத்தை ஐ.சி.யூ.வுக்குப் போனாள்.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்று மட்டும் டாக்டர் அப்பாவிடம் கேட்டார்.

வராண்டாவுக்கு வந்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார். "எங்க அக்காவ இந்த வயசுல வெயில்ல வுட்டுட்டு நான் ஃபேனுக்கடியில படுத்துக்கினு இருக்கறேன்னு ஊருக்கே சொல்லிட்ட. இப்ப சந்தோஷமா?"

உண்மை தெரியாமல் டாக்டர் எப்படி வைத்தியம் பார்ப்பார் என்று நானும் விடாமல் பேசினேன். அம்மா இருவரையும் அடக்கினாள். அப்பா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. நானோ நாற்காலியில் உட்காரவே முடியாமல் வராண்டாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். எனக்கு அப்போதும் சந்தேகம்தான். கரைக்கும் ஊசியைப் போட்டு மூளையில் கசிந்துவிட்டால்? என் வாயால் வந்ததாகத்தானே ஆகும்?

அந்த ஊசி கடைசிவரை தேவைப்படவில்லை. முதல் ஊசியிலேயே அத்தையின் ரத்த அழுத்தம் நிலைத்துவிட்டது. ஆனால் வார்டுக்கு மாற்றியதுமே அந்த டாக்டர் வந்து, வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தவர்தானே, எழுப்பி உட்கார வையுங்கள், பிடித்துக்கொண்டு நடக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு அப்படிச் சொல்லவில்லை. அதற்காகவாவது நான் வாயைத் திறந்தது நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் நிறையப் படித்தேன். ரத்தக் கட்டி வந்த வயதானவர்களில் யார் பிழைத்து வருகிறார்கள் என்று பார்க்கும்போது, வயதும் வியாதியும் மட்டும் போதாது, அதற்கு முன் அவர்கள் தம் வேலையைத் தாமே செய்துகொண்டார்களா என்பதையும் பார்க்க வேண்டும் என்று பல இடங்களில் எழுதியிருந்தார்கள். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கக்கூசுக்குப் போவது, படியேறுவது. இவ்வளவு சாதாரணமான விஷயங்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. படித்ததையெல்லாம் அம்மாவிடம் கொட்டினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். ஆனால் யார் குளிப்பாட்டுகிறீர்கள் என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்தில் நேரான பதில் கிடைக்காது. அது உடம்பைப் பற்றிய கேள்வியாக யார் காதிலும் விழுவதில்லை. தம்பி எப்படிப்பட்டவன், வீட்டுக்கு வந்தவள் எப்படிப்பட்டவள் என்று கேட்பதாகத்தான் விழுகிறது. ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளோடு அத்தையைத் திண்டிவனத்துக்குக் கூட்டி வந்தபோது இது எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது.

டாக்டரிடம் சொன்ன பொய்யை அப்பா நிஜமாக்கத் தொடங்கினார்.

ஹாலில் புதுக் கட்டில் வந்தது. அத்தை எழுந்தால் அவரும் எழுவார். கக்கூஸ் வாசல்வரை கைத்தாங்கலாக அம்மா. குளிக்க முக்காலி, ஊற்ற அம்மா. தாழ்ப்பாள் போடக் கூடாது. தட்டைக் கழுவப் போனால் பிடுங்கிக்கொள்வார்கள். டாக்டர் நடக்கச் சொன்னாரே என்றால், "நடந்து கட்டி நகந்துக்கினு மேல போயிட்டா நீ வருவியா?" என்பார் அப்பா. மாத்திரை எதற்கு, கட்டி எப்படிக் கரைகிறது, படுத்தே கிடந்தால் புதிதாக எப்படி உருவாகிறது என்று காகிதத்தில் காலையும் நுரையீரலையும் வரைந்து காட்டினேன். நன்றாக வரைகிறாய் என்றார்.

பார்க்க வருகிறவர்கள் கூட்டம் வேறு. முகையூர் பக்கத்துச் சொந்தம் ஒரு நாள், கண்டமங்கலத்து அம்மா வீட்டு ஆட்கள் ஒரு நாள், ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் ரொட்டியுமாக வந்துகொண்டே இருந்தார்கள். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு ஹாலில் நடந்துகொண்டிருப்பாள். வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்கும். அப்பா ஓடி வந்து, "படுத்துக்கோ அக்கா" என்பார். அத்தை படுப்பாள். அம்மா கழுத்துவரை போர்த்திவிடுவாள். நோயாளியைப் பார்க்க வந்தவர்களுக்கு நோயாளி நடந்து வந்து கதவைத் திறந்தால் என்ன மரியாதை? ஆஸ்பத்திரிக்கு அலைந்ததெல்லாம் பொய் என்று நினைத்துவிட மாட்டார்களா? வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஆளாளுக்கு ஒரு சாவுக் கதை சொல்லிவிட்டு, தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று போவார்கள். அத்தை மதியம்வரை எழ மாட்டாள்.

இதெல்லாம் அப்பாவின் தப்பு என்றுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் அத்தை கட்டிலில் படுத்தபடியே, "பாப்பா, அந்தத் துண்ட எடு" என்றாள். துண்டு அவள் கால்மாட்டிலேயே கிடந்தது. கையை நீட்டினால் எட்டும்.

"நீங்களே எடுங்க அத்தே."

"எடுக்கலாந்தான். யாராவது எடுத்துக் குடுக்கறது நல்லாத்தாண்டி இருக்குது" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அனுபவித்துச் சொன்னாள்.

எனக்குப் பயம் வந்தது. ஆஸ்பத்திரியில்கூட அவ்வளவு பயம் இல்லை. அவள் தொடை தொளதொளவென்று ஆகிக்கொண்டிருந்தது. எழுந்து நிற்கக் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. நான் இன்னும் வேகமாக முடுக்கினேன். நேரம் குறித்து நடக்க வைத்தேன், நாற்காலியில் உட்கார்ந்து எழ வைத்தேன், கணுக்காலைச் சுழற்றச் சொன்னேன். மூன்றாவது சுற்றுக்கு இழுத்தபோது கையை உதறினாள். "நீ என்னைய நடக்க வைக்கறியா, நீ படிச்சத நடக்க வைக்கறியா? பேஜார் புடிச்ச பொண்ணு." அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் மொட்டை மாடிக்குப் போய்ச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எத்தனையோ வருஷம் எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டவளுக்கு ஒருவர் எடுத்துக்கொடுக்கிற சுகம் வேண்டாமா? எனக்குத்தான் பொறுக்கவில்லை. சுகமாகப் படுத்தபடியே அவள் செத்துப்போவாளோ என்று பொறுக்கவில்லை.

அப்போதுதான் குத்தகைப் பேச்சு வந்தது. மல்லாட்டை பூ விட்டிருந்த சமயத்தில் அத்தை நிலத்தை விட்டு வந்திருந்தாள். பக்கத்து நிலத்துக்காரர்தான் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். நிற்கிற பயிரோடு சேர்த்து நிலத்தைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் அப்பாவிடம் போனில் கேட்டிருக்கிறார். அப்பா சரி என்றார். அத்தையிடமும் சொன்னார். வீட்டையும் பூட்டிப் போட்டுவிடலாம், இனிமேல் அங்கே என்ன இருக்கிறது என்று அம்மா சொன்னபோதும் அத்தை மறுக்கவில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் ஒரு காலையில் நேரிலேயே வந்தார். பைக் சத்தம் கேட்டதும் வழக்கம்போல அப்பா, "படுத்துக்கோ அக்கா" என்றார். அத்தை படுத்தாள். போர்வை ஏறியது. அவர் வாழைப்பழத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அப்பா. நடுவில் படுத்திருந்தவளின் மேலாகவே பேச்சு போய்வந்தது. கிணற்றுத் தண்ணீர் முறை, எத்தனை வருஷக் குத்தகை, பிறகு வீட்டுப் பக்கத்து வேப்பமரம்.

"அத வெட்டிட்டா பயிர் மேல நெழல் படாது. அக்கா இனிமே எங்க வரப்போவுது" என்றார் அவர், அத்தையைப் பரிதாபமாகப் பார்த்து.

அத்தை போர்வையைத் தள்ளினாள். கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தாள். என் கை தானாகப் போனது, தட்டிவிட்டாள். கால்மாட்டில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இருப்பா, போயிடாத. குளிச்சிட்டு வந்து பேசறேன்."

பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். அம்மா பின்னாலேயே ஓடுவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அப்பா கதவைத் தட்டினார். "அக்கா, தாழ்ப்பாளத் தெற." பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. வழுக்கி விழுந்து அடிபட்டால், அந்த மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு ரத்தம் நிற்காது. இதை அப்பாவுக்குச் சொல்லிவைத்தவளே நான்தான். அவரும் அம்மாவும் நானும் கதவில் காதை வைத்து நின்றோம். வந்தவர் ஹாலில் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார். சொம்பு தரையில் இடித்தது. பிறகு சத்தமே இல்லை. அப்பா தோளால் கதவை முட்டத் தயாரானார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று இன்றுவரை தெரியாது. மறுபடி தண்ணீர் சத்தம் கேட்டது.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. கொசுவம் ஒழுங்காக இல்லாத புடவை, தலை ஈரம், வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். நாங்கள் மூவரும் வழியை அடைத்துக்கொண்டிருந்தோம். "நவுருங்க" என்றாள். ஹாலுக்கு வந்து கட்டிலில் உட்காராமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு அடங்கும்வரை வந்தவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தண்ணி கட்டினதுக்கு உனக்கு ஒரு பங்கு தர்றேன். மல்லாட்டைய நான் வந்து புடுங்கறேன். மரத்துல கை வெக்காத."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, அக்காவின் தலையைத் துவட்டிவிட அம்மாவைக் கூப்பிட்டார். அத்தை தானே துவட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் அவளை முடுக்கவில்லை. தேவைப்படவில்லை. ஆட்டோ வந்தாலும் படுப்பதில்லை. வந்தவர்களுக்குத்தான் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. மறு பரிசோதனைக்குப் போய் வந்து, மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே அறுவடைக்கு முன் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். அப்பா அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தார். அதை அவள் வீட்டிலேயே வைத்துவிட்டு நிலத்துக்குப் போய்விடுவாள். காலையில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அப்பா என்னைப் பார்ப்பார், நான் அப்பாவைப் பார்ப்பேன். ஒரு பக்கம் படித்தால் ஒரு முறை போன், இதுதான் என் தேர்வுப் படிப்பு.

போன வாரமும் அப்படித்தான். அடித்து அடித்துப் பார்த்துவிட்டு இருவரும் பைக்கில் கிளம்பினோம். வீடு பூட்டியிருந்தது. நிலத்தில் கூலிக்காரப் பெண்கள் நாலைந்து பேரோடு அத்தையும் உட்கார்ந்தபடி மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தாள். வீங்கும் காலை மட்டும் நேராக நீட்டியிருந்தாள். அப்பா எதுவும் பேசாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த வரிசையில் குந்தினார். கொஞ்ச நேரத்தில், பாதிக் காயை மண்ணிலேயே விட்டுவிட்டுப் பிடுங்குகிறாய் என்று அவரை அத்தை திட்டத் தொடங்கினாள்.

ரோட்டில் சைக்கிளில் போன ஒருவர் நின்றார். அப்பாவைத் தெரிந்தவர். "இன்னாப்பா, சாகப் பொழச்சி வந்த அக்காவ இந்த வெயில்ல வேல வாங்கிக்கினு இருக்கற?"

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கை நின்றது. காது சிவந்தது.

"எறங்கி வந்து நீயே நிறுத்திப் பாரு" என்றார்.

பெண்கள் சிரித்தார்கள். சைக்கிள்காரரும் சிரித்துவிட்டுப் போனார். அத்தை சிரிக்கவில்லை. பாதி இழுத்த செடியோடு அவள் கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணை மூடி வாயால் மூச்சு விட்டாள். மார்பு ஏறி இறங்கியது. அப்பா எழுந்தார். நான் வரப்பிலிருந்து இறங்கினேன். கிட்டே வராதே என்பதுபோல மண் அப்பிய கையை எங்கள் பக்கம் காட்டினாள். நாங்கள் இருவரும் ஒரு அடிகூட எடுத்து வைக்காமல், அவள் அந்தச் செடியைப் பிடுங்கும்வரை நின்றுகொண்டிருந்தோம்.